விரல் விடாத அம்பு

ருஃபின் ஸ்கவ்ரோனெக்குக்கு அது முதலில் வந்தது ஜெர்மனியில் ஒரு விளையாட்டு அரங்கில், ஜெயிக்கவேண்டிய டார்ட்ஸ் ஆட்டத்தில். ஐந்நூற்றொரு புள்ளிகளிலிருந்து கழித்துக் கழித்துக் கொண்டுவந்தவனுக்கு மிச்சம் முப்பத்திரண்டுதான். பலகையின் ஓரத்தில் பதினாறுக்கு நேராக ஓடும், எண்ணை இரட்டிப்பாக்கும் மெல்லிய இரட்டை வளையத்தில் ஒரு அம்பைச் செருகிவிட்டால் ஆட்டம் அவனுடையது. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் செருகிவிடக்கூடிய இடம். கோட்டில் நின்றான், குறி பார்த்தான், முழங்கையை மடித்தான், கையை முன்னால் வீசினான்.

அம்பு கையிலேயே இருந்தது.

விரல்கள் திறக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பசை வைத்து ஒட்டியதுபோல நின்றது. ஏதோ கவனப்பிசகு என்று நினைத்து மறுபடியும் வீசினான். மறுபடியும் விடவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது தடவை ஆத்திரத்தோடு கையை உதறியதில் அம்பு பலகைக்கே போகாமல், அதைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பரில் போய்க் குத்தியது. எதிராளி வந்தான், முடித்தான், கைகுலுக்கினான்.

"என்னடா, தோள்ல பிடிப்பா?" என்றான் கூட ஆட வந்திருந்த நண்பன் கின்டெர்.

"ஆமாடா. பஸ்ல கோணலா தூங்கிட்டு வந்தேன்ல."

சொன்ன பொய் அவன் காதிலேயே நன்றாக விழுந்தது. தோளில் பிடிப்பு எதுவும் இல்லை. கை நன்றாகத்தான் இருந்தது. அவன் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவனை ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவிடவில்லை.

ருஃபின் பிட்டோம்காரன். நிலக்கரி தோண்டித் தோண்டி அடியில் வெற்றாகிப்போன ஊர் அது. மேலே இருக்கிற மண் இறங்கிக்கொண்டே இருக்கும். சுவர் சாயும், சன்னல் சட்டம் கோணும், கண்ணாடி தானாக விரியும். அதனால் கண்ணாடி மாட்டுகிறவனுக்கு அங்கே வேலைக்குக் குறைவே கிடையாது. ருஃபினுக்கு அதுதான் தொழில். ஹூபெர்ட் என்பவரின் பட்டறையில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவன்.

டார்ட்ஸ் வந்து சேர்ந்தது தற்செயலாக. பட்டறைக்கு எதிரே ஸ்டெஃபா என்ற அம்மாள் நடத்திய மதுக்கடையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பீர் வருவதற்குள் சும்மா எறிந்து பார்த்தான். கண்ணாடியில் கோடு கிழித்துப் பழகிய கை. இருபதின் மும்மடங்குக் கட்டம் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. அம்பு அதில் போய் நின்றது. அடுத்ததும் அதற்குப் பக்கத்திலேயே.

"ஏய், இவன் பீருக்கு நான் காசு தரேன், இவன எங்கயும் விட்றாதீங்க!" என்று கத்திக்கொண்டு எழுந்து வந்தவன்தான் கின்டெர் கொட்ஸுர். லாரி ஓட்டுபவன். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான், சிரித்தால் கடையின் கண்ணாடிக் குவளைகள் அதிரும். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே எறிந்தார்கள். ஒப்போலே, விரோட்ஸ்வாஃப், எல்லை தாண்டிச் செக் நாட்டு ஊர்கள் என்று கின்டெரின் பழைய காரில் சுற்றினார்கள். கடைசியில் ஒரு தை மாதக் குளிரில், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான அனுமதி அட்டையை இருவரும் ஒரே வாரத்தில் வாங்கினார்கள். ஸ்டெஃபா அம்மாள் அன்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் புளித்த மாவு சூப்பை இலவசமாக ஊற்றினாள். "நம்ம கக்கூஸ் பக்கத்துல இருந்து ரெண்டு பேர் உலகத்துக்குப் போறானுங்க" என்று அழுதாள்.

ருஃபினின் மனைவி இவோனா ட்ராம் ஓட்டுபவள். "நான் தண்டவாளத்துல போறேன், நீ ஊசி எறியப் போறே. நம்ம வீட்ல எது உத்தியோகம், எது விளையாட்டுன்னு எங்கம்மா கேக்கறாங்க" என்று கேலி செய்வாள். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்துவிட்டு, அவன் கை நின்றுபோன ஆண்டுதான் உண்டாகியிருந்தாள்.

அவளிடம் அவன் வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம்.

ருஃபினின் அப்பா அலோய்ஸ் சுரங்கத்தில் வேலை செய்தவர். நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு முதலில் போனது கை. கோப்பையை வைக்க நினைப்பார், கை வைக்காது. சட்டைப் பித்தானைப் போடப் போவார், விரல் எங்கேயோ போகும். பிறகு நடை போனது, பேச்சு போனது. கடைசியில் தன் மகனைப் பார்த்து, "தம்பி யாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். இது ரத்தத்தோடு இறங்கும் நோயாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னதாக அம்மா ஒரே ஒரு முறை சொன்னாள். அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தால் வராது என்பதுபோல.

ருஃபினுக்கு இப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் அவன் தன் கையை வேவு பார்க்க ஆரம்பித்தான். முகம் மழிக்கும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தான். சாவியைத் துளையில் விடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். இவோனா சமைத்த மாவு உருண்டையை முள்கரண்டியில் குத்தி எடுக்கும்போது, சரியாகக் குத்தியதா என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டான். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் கோட்டில் போய் நின்றால் கை முன்னே போகும், வெட்டி இழுத்தாற்போல் நின்றுவிடும். பத்தில் இரண்டு தடவை என்று இருந்தது ஐந்தாயிற்று, எட்டாயிற்று. போட்டிக்குப் போட்டி முதல் சுற்றிலேயே தோற்றான்.

இந்த வியாதியைப் பற்றி ஆட்டக்காரர்கள் சத்தமாகப் பேசமாட்டார்கள். எறிய முடியாமல் போனவர்களின் பெயர்களைச் செத்தவர்களின் பெயரைப்போலத் தணிந்த குரலில் சொல்வார்கள். பயிற்சிப் பலகைகளுக்கு முன்னால் ருஃபின் போய் நின்றால், பக்கத்துப் பலகைக்காரன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். போனவன் திரும்பி வேறு பலகைக்குப் போவான். முதலில் ருஃபினுக்குப் புரியவில்லை.

புரியவைத்தவன் கின்டெர். ஸ்டெஃபா கடையில் ஒரு மத்தியானம் இருவரும் எறிந்துகொண்டிருந்தார்கள். ருஃபினின் கை நின்றது, நின்றது, பிறகு விட்டது. திரும்பிப் பார்த்தால் கின்டெர் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறான்.

"என்னடா, செவுத்துல படமா ஓடுது?"

கின்டெர் திரும்பவில்லை. "நீ எறிஞ்சு முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். இங்க பாரு. என்னடா உனக்கு?"

"கோச்சுக்காத ருஃபின்." அந்தப் பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து ருஃபின் கேட்டதில்லை. "அதப் பாத்தா ஒட்டிக்கும்னு சொல்றாங்கடா."

"சளியாடா இது? இருமலா? ஒட்டிக்கறதுக்கு?"

"தெரியலடா. நேத்து வீட்ல எறியறப்போ உன் கை ஞாபகம் வந்துச்சு. எறியப் போற நேரத்துல, உன் கை. எனக்கு வேர்த்துப்போச்சு. ரெண்டு பொண்ணுங்கள வச்சிருக்கேன். இது போச்சுன்னா மறுபடி லாரிதான், வாரக்கணக்குல ரோடுதான்."

"நான் என்ன வேணும்னேவா பண்றேன்?"

"இல்லடா. ஆனா கொஞ்ச நாளைக்கு… நீ தனியா பழகிக்க."

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கின்டெர் போனான். அவன் வைத்துவிட்டுப்போன பீர் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. ஸ்டெஃபா அம்மாள் மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "தங்கம், நீ வர்றது எனக்குச் சந்தோஷந்தான். கொஞ்சம் கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து வாயேன். பசங்க எல்லாம் லீக் ஆடறவங்க பாரு, பயப்படறாங்க" என்றாள். தொற்றுநோய்க்காரனுக்குத் தனித்தட்டு வைக்கிறவர்களின் கனிவு அவள் முகத்தில் இருந்தது. அன்று அவன் சூப்பைக் குடிக்காமலே எழுந்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள்தான் அந்தக் கண்ணாடி விஷயம் நடந்தது. சுவர் விரிந்துபோன ஒரு வீட்டின் மூன்றாம் மாடியில் அவனும் ஹூபெர்ட்டும் பெரிய சன்னல் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைத் தூக்க, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வைத்த கைப்பிடிகள் உண்டு. சட்டத்தில் கண்ணாடியைச் சாய்த்ததும் ருஃபின் பிடியை விடவேண்டும், ஹூபெர்ட் மரச்சட்டத்தை அழுத்துவார். ஆயிரம் தடவை செய்த வேலை.

"விடு," என்றார் ஹூபெர்ட்.

ருஃபின் விடவில்லை.

"விடுப்பா, சாயுது!"

கண்ணாடி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. அதோடு ருஃபினும் சாய்ந்தான். இடுப்புக்கு மேலே அவன் உடம்பு சன்னலுக்கு வெளியே போயிற்று. கீழே நடைபாதையில் ஒருத்தி தள்ளுவண்டியில் குழந்தையோடு போவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. விடவேண்டும் என்று மூளை கத்தியது. விட்டால் கண்ணாடி அவள்மேல் விழும் என்று அதே மூளை கத்தியது. தன் விரல்கள் வெளுத்துப்போய் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருப்பதை அடுத்தவன் விரல்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஹூபெர்ட் அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து, ஒரு காலைச் சுவரில் உதைத்து, ஆளையும் கண்ணாடியையும் சேர்த்து உள்ளே இழுத்தார். கண்ணாடி தரையில் விழுந்து தூளாயிற்று. தள்ளுவண்டிக்காரி சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள்.

ஹூபெர்ட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். திட்டவில்லை. "உங்கப்பாவ எனக்குத் தெரியும் ருஃபின்," என்றார். "போய் டாக்டரப் பாரு. அதுவரைக்கும் மேல ஏறாத."

ஆக, பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பக்கத்து ஊரில், தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனான். அவர் நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், தோலில் கம்பி ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். முடிவு வர வாரங்கள் ஆகும் என்றார். அந்த வாரங்களில் ருஃபினின் உடம்பு மட்டுமே வீட்டில் இருந்தது. இவோனா அவன் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, "உதைக்குது பாரு" என்பாள். உள்ளே துள்ளியது அவன் உள்ளங்கையில் தட்டும். சந்தோஷப்படவேண்டிய நேரத்தில், இதற்கும் என்னிடமிருந்து அது இறங்கியிருக்குமா என்ற ஒரே கேள்வி அவன் முதுகுத்தண்டில் பனிக்கட்டியாக வழியும். கையை எடுத்துக்கொள்வான்.

முடிவு சொல்லும் நாளில் மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "உங்கப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு இல்ல. உங்க நரம்புல, தசையில எனக்கு ஒரு கோளாறும் தெரியல."

ருஃபின் நாற்காலியிலேயே குனிந்து அழுதான். மருத்துவர் காத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவனுக்கு அடுத்தது உறைத்தது.

"அப்போ கை ஏன் விடமாட்டேங்குது டாக்டர்?"

"எறியப் போறப்போ பயப்படறீங்களா?"

"விடாதோன்னு பயப்படறேன்."

"விடாததுக்கு முன்னாடி?"

அவன் யோசித்தான். முப்பத்திரண்டு மிச்சமிருந்த அந்த ஆட்டத்துக்கு முந்தின வாரம்தான் இவோனா குழந்தை விஷயத்தைச் சொன்னாள். அப்போதே அப்பாவின் கை அவன் நினைவுக்கு வந்திருந்தது. அதை அவன் மருத்துவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது புதிதாக ஒரு பயம் பிடித்தது. நோய் என்றால் மருந்து இருக்கும். இதற்குள்ளே இருப்பது அவனேதான். தன்னைவிட்டு எங்கே ஓடுவது?

வீட்டுக்கு வந்து இவோனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "ரத்தத்துல இல்லைனு நிச்சயமா சொன்னாரா?" என்றாள்.

"நிச்சயமா."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ட்ராம் கடைசி ஸ்டாப்புல நிக்கறப்பல்லாம் போன்ல உன் ஆட்டத்தத்தானே பாக்கறேன். உன் கை நின்னுச்சு பாரு, அன்னிக்கே உங்கப்பா ஞாபகம்தான். பிள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு யார்கிட்ட கேப்பேன்? உன்கிட்டயா?"

ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு மூலையில் இவ்வளவு நாள் ஒளித்துவைத்திருந்தார்கள். அன்று இருவரும் எதையும் சமைக்காமல், ரொட்டியையும் ஊறுகாய் வெள்ளரியையும் தின்றுவிட்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, இப்ப எறி," என்றாள் இவோனா. சமையலறைக் கதவில் பயிற்சிப் பலகை இருந்தது.

"விடாது."

"விடாட்டி போகுது. நான் பாக்கறேன். எனக்கு ஒட்டினா ட்ராம் பிரேக்கத்தான் விடமாட்டேன், ஜனங்களுக்கு நல்லதுதான்."

கை நின்றது. "இன்னொரு தடவ ஆட்டு," என்றாள். நின்றது. "ஆட்டு." மூன்றாவதில் விட்டது. அன்றிலிருந்து அவன் அதோடு சண்டை போடவில்லை. கை நிற்கும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டான். ஒன்று, இரண்டு வெற்று வீச்சு. மூன்றாவதிலோ நான்காவதிலோ விரல் திறக்கும். பார்க்க அசிங்கமாக இருந்தது. தோற்றுக்கொண்டும் இருந்தான். ஆனால் சில ஆட்டங்களை ஜெயித்தான்.

ஆண்டுக் கடைசிப் போட்டி வந்தது. தரவரிசையில் அட்டை பறிபோகும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊசலாடிய சிலரில் ருஃபின் ஒருவன். இன்னொருவன் கின்டெர். இரண்டாம் சுற்றில் இருவரையும் ஒரே பலகைக்கு அனுப்பினார்கள். ஜெயித்தவனுக்கு அட்டை நிற்கும். தோற்றவனுக்குப் போகும்.

கைகுலுக்கும்போது கின்டெரின் உள்ளங்கை நனைந்திருந்தது. ருஃபின் எறியும் ஒவ்வொரு முறையும் அவன் திரும்பி, அரங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? எறிபவன் சட்டையின் சரசரப்பு கேட்கும். அம்பு பலகையில் குத்தும் சத்தம் வரவேண்டிய நேரத்தில் வராது. மறுபடி சரசரப்பு. மறுபடி ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கின்டெர் ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சமனாகப் போய், தீர்மானிக்கும் கடைசிக் கட்டத்துக்கு வந்தார்கள். கின்டெருக்கு மிச்சம் நாற்பது. இரட்டை இருபது, அவனுக்குப் பிடித்த இடம். கோட்டில் நின்றான். கையை மடித்தான், வீசினான்.

ருஃபின் அவன் பின்னாலிருந்து பார்த்தான். முழங்கை முன்னே போய், யாரோ கயிற்றால் இழுத்தாற்போல் சுண்டி நின்றது. அந்த இழுப்பை உலகத்தில் அவனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. கின்டெர் மறுபடி வீசினான். நின்றது. மெல்லத் திரும்பி ருஃபினைப் பார்த்தான். அந்தப் பெரிய முகத்தில், இருட்டில் கதவைத் தேடுகிற குழந்தையின் திகில். பிறகு திரும்பி, மூன்று அம்புகளையும் எப்படியோ உதறிவிட்டான். ஒன்று பலகையைத் தொடவே இல்லை.

ருஃபினுக்கு மிச்சம் பதினாறு. கோட்டுக்கு நடந்தான். என்னால்தானா? நான்தான் இவனுக்குக் கொடுத்தேனா? இப்போது தவறவிட்டால் இவன் மறுபடி வந்து நிற்கவேண்டும், மறுபடி அந்தக் கையை நான் பார்க்கவேண்டும். கை வீசினான், விடவில்லை. வீசினான், விடவில்லை. இவோனா சொல்வதுபோல், இன்னொரு தடவை ஆட்டினான். அம்பு போய் இரட்டை எட்டின் உள்விளிம்பில், கம்பியை உரசிக்கொண்டு நின்றது.

கின்டெர் கைகுலுக்க வந்தான். அழவில்லை. ருஃபினின் காதருகே குனிந்து, "நான் பாக்கலடா," என்றான். "சத்தியமா ஒரு தடவகூட பாக்கல."

கின்டெர் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாக நடந்து போய்விட்டான்.

பனிக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. லீதியா என்று பெயர் வைத்தார்கள். செவிலி குழந்தையை நீட்டியபோது ருஃபின் பின்வாங்கினான். "புடி, நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்று இவோனா படுக்கையிலிருந்து அதட்டிய பிறகுதான் வாங்கினான். வாங்கிய பிறகு விடச்சொன்னால் விடவில்லை. அதற்குக் காரணம் வேறு.

இன்னும் சில ஆண்டுகள் ஆடினான். ஒரு தடவை லண்டனில் நடக்கும் உலகப் போட்டிவரை போனான். அங்கே குடித்துவிட்டு வேஷம் போட்டுக்கொண்டு வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் அவன் வெற்று வீச்சுகளை ஒன்று, இரண்டு என்று கூட்டாக எண்ணிக் கூவினார்கள். மேடையின் வெளிச்சத்தில் வேர்த்து ஒழுக, அவன் எறிந்தான். முதல் சுற்றை ஜெயித்தான். இரண்டாம் சுற்றில் மோசமாகத் தோற்றான். அதற்கு அடுத்த ஆண்டு அட்டை போயிற்று. ஹூபெர்ட்டின் பட்டறைக்கே முழுநேரமாகத் திரும்பினான். கின்டெர் லாரிக்குப் போனவன் போனவன்தான். ஸ்டெஃபா கடைக்கு வருவான், ருஃபினோடு உட்கார்ந்து பேசுவான், மகள்களின் கல்யாணத்துக்கு அழைத்தான். பலகை இருக்கும் பக்கம் மட்டும் பார்க்கமாட்டான். ருஃபின் இரண்டொரு முறை எறியக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கூப்பிடும்போது, அவன் சரி என்று சொல்லிவிடுவானோ என்றும் பயமாகத்தான் இருந்தது.

இப்போதும் ருஃபின் சனிக்கிழமைகளில் வட்டாரப் போட்டிகளுக்குப் போகிறான். போன வாரம் ஒப்போலேவுக்குக் கிளம்பும்போது காலணியின் கயிற்றைக் கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"பயமா இருக்கா?" என்றாள் இவோனா, சீருடையின் பித்தானைப் போட்டுக்கொண்டே.

"இருக்கு."

"சரி, குல்லாய மறக்காத. வெளிய காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது."